பிரவுனிக்கு ஊசி போடுவது பாவமா?

கேள்வி: எங்கள் நாய் பிரவுனிக்கு 13 வயது. இரண்டு சிறுநீரகங்களும் பெரும்பாலும் செயலிழந்துவிட்டன என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மூன்று வாரமாகச் சலைன் ஏற்றிப் பார்த்தோம். இப்போது எதையும் சாப்பிடுவதில்லை, குடிக்கிற தண்ணீரையும் வாந்தி எடுத்துவிடுகிறது. "ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம், இனி அதுதான் அதற்கு நல்லது" என்கிறார் டாக்டர். எங்களோடு இருக்கும் என் அம்மா, "உயிரைக் கொடுத்தவன் எடுத்துக்கொள்வான், நடுவில் நாம் யார்? அந்தப் பாவம் இந்த வீட்டுக்கு வேண்டாம்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். என் கணவர் கிறிஸ்தவர். அவர் வீட்டில், "நாய்க்கு ஆன்மாவா இருக்கிறது, இதற்குப் போய் இவ்வளவு யோசிக்கிறாயே" என்கிறார்கள். தினமும் வந்து பிரவுனியைப் பார்த்துவிட்டுப் போகும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, "எதைச் செய்தாலும் அது தாகத்தோடு கிடக்க விடாதே" என்று மட்டும் சொன்னார். இதற்கிடையில் என் 11 வயது மகள், "கோழியை வெட்டும்போது யாருமே பாவம் என்று சொல்லவில்லையே அம்மா" என்று கேட்டுவிட்டாள். மதங்கள் விலங்குகளைப் பற்றி உண்மையில் என்னதான் சொல்கின்றன? நான் செய்யப்போவது பாவமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் பிரவுனியைப் பார்ப்போம். மதம் எல்லாம் அப்புறம்.

சிறுநீரகம் வேலை செய்யாதபோது வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடும். அதன் வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். ஈறு வெளுத்திருக்கும். நாக்கின் ஓரத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண் இருக்கலாம். மூச்சில் மூத்திர வாடை அடிக்கும். பிடரித் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே கீழே போகாமல் கூடாரம் மாதிரி அப்படியே நின்றால் உடம்பில் நீர் இல்லை என்று அர்த்தம். பசி இல்லாததால் அது சாப்பிடாமல் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நாள் முழுக்க அதற்குக் குமட்டிக்கொண்டே இருக்கிறது. நாய்கள் இதைக் கத்திச் சொல்வதில்லை. ஒரு மூலையைப் பார்த்துப் படுத்துவிடும். "வலி இருந்தால் கத்துமே" என்பதை நான் கேட்காத வாரம் கிடையாது.

நான் 31 வருடமாகக் கால்நடை மருத்துவர். மத அறிஞன் இல்லை. ஆனால் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது என்னைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதி, மருந்தைப் பற்றியவை அல்ல. "டாக்டர், இது பாவம் இல்லையே?" என்பதுதான். பதில் தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வெட்கப்பட்டுப் படிக்க ஆரம்பித்தேன். குருக்களிடம், பாதிரியாரிடம், மௌலவியிடம், ஜைனப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அப்படிச் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது" என்று நான் எழுதப்போவதில்லை, ஏனென்றால் அது உண்மையில்லை. "கொல்லாதே" என்பது ஒரு கட்டளை. "துன்பப்பட விடாதே" என்பது இன்னொரு கட்டளை. வாழ்க்கையில் பெரும்பாலான நாட்களில் இரண்டும் கைகோத்துத்தான் போகின்றன. பிரவுனி படுத்திருக்கிற இடத்தில் இரண்டும் பிரிந்து எதிரெதிரே நிற்கின்றன. அங்கே எதை முன்னால் வைப்பது என்பதில்தான் மதங்கள் வேறுபடுகின்றன, ஒரே மதத்துக்குள் இருப்பவர்களும் வேறுபடுகிறார்கள்.

உங்கள் அம்மாவைச் சுலபமாக ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பின்னால் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலான சிந்தனை நிற்கிறது. குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். "தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை." தன் உயிரே போனாலும் இன்னொரு உயிரை எடுக்காதே என்கிறது, விதிவிலக்கு எதுவும் கொடுக்கவில்லை. அது கொல்லாமை அதிகாரம். ஆனால் அதற்கு முந்தைய அதிகாரம் இன்னா செய்யாமை. அங்கே, "அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை" என்று இருக்கிறது. இன்னொரு உயிரின் நோயைத் தன் நோய் போல நினைக்காவிட்டால் அந்த அறிவால் என்ன பயன்? அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்கள்தான். உங்கள் வீட்டுச் சண்டை முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது.

கொல்லாமையை இறுதிவரை கொண்டுபோனவர்கள் ஜைனர்கள். அவர்கள் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். செடிக்குத் தொடு உணர்வு ஒன்றுதான். புழுவுக்குச் சுவையும் உண்டு. இப்படியே ஏறி, நாயும் பசுவும் மனிதனும் ஐந்து புலனும் உள்ள ஒரே வரிசையில் வந்துவிடுகிறார்கள். 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதரைப் பற்றி அவர்களிடம் ஒரு கதை உண்டு. கல்யாண ஊர்வலத்தில் போகும்போது, விருந்துக்காக அடைத்து வைத்திருந்த விலங்குகளின் கதறல் அவர் காதில் விழுகிறது. ரதத்தை அங்கேயே திருப்பிவிடுகிறார், கல்யாணமும் வேண்டாம், அரசும் வேண்டாம் என்று. கிழடான, ஊனமான விலங்குகளை இயற்கையாகச் சாகும்வரை வைத்துப் பராமரிக்கும் பாஞ்சராபோல் காப்பகங்களை நூற்றாண்டுகளாக நடத்தி வருபவர்களும் இவர்கள்தான். அங்கே கருணைக்கொலை கிடையாது. வினைப்பயனை அந்த உயிர் அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும், நாம் நடுவில் அறுத்துவிட்டால் மிச்சம் எங்கும் போகாது, கூடவே கொன்றவனுக்கும் ஒரு வினை சேரும் என்பது அவர்கள் கணக்கு.

இதை மூடநம்பிக்கை என்று நான் ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன். ஒரு ஜைனப் பெரியவரின் வீட்டுக்கு 11 நாள் தொடர்ந்து போன பிறகு நிறுத்திக்கொண்டேன். அவருடைய நாய்க்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. ஊசி வேண்டாம் என்றார். நான் கோபமாகத்தான் வலி மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால், நாயின் இடுப்புக்குக் கீழே மடித்த பருத்தித் துணி, பக்கத்தில் ஒரு கடிகாரம், சுவரில் ஒரு தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைப் புரட்டிப் படுக்கவைத்து நேரத்தைக் குறித்திருக்கிறார். இரவு பன்னிரண்டு, மூன்று, ஆறு. அவருக்கு வயது எழுபதுக்கு மேல். அந்த நாய் செத்தபோது அதன் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை. கொல்லமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அந்தச் சொல்லுக்கு அவர் தூக்கத்தைக் கொடுத்திருந்தார்.

இன்னொரு வீட்டையும் சொல்ல வேண்டும். அங்கேயும் "உயிரை எடுக்கக் கூடாது" என்றுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு நாயைப் பின்பக்கக் கொட்டகையில் கட்டிப்போட்டு, பார்க்க மனசு கேட்காது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்று நாள் ஆனது. தண்ணீர்ச் சட்டி காய்ந்திருந்தது. அதை எந்த மதத்தின் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சரி, கொல்லாமையின் பக்கத்திலேயே நின்றவர்கள் நடுவிலும் இந்தக் கேள்வி ஒரு முறை பெரிதாக வெடித்தது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று முடமாகி விழுந்துவிட்டது. புரண்டு படுக்கக்கூட முடியாத வலி. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆசிரமத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தும், காந்தி அதற்கு விஷ ஊசி போடச் சொன்னார், போட்டார்கள். அதை மறைக்கவும் இல்லை, தன் பத்திரிகையில் விரிவாக எழுதினார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கோபத்தாலோ சுயநலத்தாலோ ஒரு உயிருக்குச் செய்யும் கேடுதான் ஹிம்சை, கொல்லாமல் இருப்பது மட்டுமே அஹிம்சை ஆகிவிடாது என்பது அவர் தரப்பு. அவர் சொன்னது சரி என்று நான் நினைக்கிறேன். எதிர்த்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்கவில்லை. இன்றைக்கு வலி என்று கொல்லலாம் என்றால், நாளைக்குத் தொல்லை என்றும் கொல்வீர்களே என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. எனக்கு அது என் மேஜைக்கு எதிரிலேயே தெரியும். நல்ல ஆரோக்கியமான நாயைக் கொண்டுவந்து, "வீடு மாறுகிறோம், ஊசி போட்டுவிடுங்கள்" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு மகாபாரதத்தின் கடைசிக் காட்சி தெரிந்திருக்கும். தம்பிகளும் திரௌபதியும் வழியிலேயே விழுந்துவிட, தருமனோடு கடைசிவரை வந்தது ஒரு நாய்தான். இந்திரன் ரதத்தோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு, சொர்க்கத்தில் அதற்கு இடமில்லை என்கிறான். நம்பி வந்ததைக் கைவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்று தருமன் நின்றுவிடுகிறான். வேள்வியில் விலங்கைப் பலி கொடுத்த மரபும் இந்து சமயத்தில் உண்டு, அதைக் கடுமையாக எதிர்த்த மரபும் உண்டு. அதனால் "இந்து மதம் இதைத்தான் சொல்கிறது" என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. ஆனால் தருமனின் கதையில் நாய் வாழ்வதா சாவதா என்ற பேச்சே வரவில்லை. அதைக் கைவிடுவதா இல்லையா என்பதுதான் கேள்வி.

பௌத்தத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பஞ்சசீலத்தில் முதலாவதே உயிரைப் பறிக்காமை. ஊசியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலான பிக்குகள், வலியைக் குறையுங்கள், பக்கத்தில் இருங்கள், சாவை அதன் போக்கில் வரவிடுங்கள் என்பார்கள். இரக்கத்தை அவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதற்கு, பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூல்களில் ஒரு சின்ன வழக்கு இருக்கிறது. வேட்டைக்காரனின் வலையில் மாட்டிய பன்றியை ஒரு பிக்கு அவிழ்த்துவிட்டார். அது அடுத்தவன் பொருள், அப்படியானால் திருட்டுக் குற்றம்தானே? இரக்கத்தால் செய்ததால் குற்றமில்லை என்று தீர்ப்பு. ஆனால் அதே விநயத்தில், நோயில் கிடந்த ஒரு பிக்குவிடம் இரக்கத்தால் மரணத்தைப் புகழ்ந்து பேசியவர்களுக்கு அந்த இரக்கம் கைகொடுக்கவில்லை. சங்கத்திலிருந்தே விலக்கப்பட்டார்கள். இரக்கம் விடுவிக்கலாம், முடித்துவைக்கக் கூடாது என்று கோடு போட்டிருக்கிறார்கள். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். மனிதருக்கும் விலங்குக்கும் இரண்டு வகை மருத்துவ ஏற்பாடு செய்திருக்கிறேன், மூலிகை இல்லாத இடங்களில் கொண்டுவந்து நடச் சொல்லியிருக்கிறேன் என்கிறார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில்! முதல் கல்வெட்டில் இன்னும் நேர்மையான ஒரு வரி. முன்பு அரண்மனைச் சமையலுக்கு லட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது மூன்றுதான், இரண்டு மயில், ஒரு மான், மானும் எப்போதும் இல்லை, இனி இவையும் இருக்காது என்று எழுதி வைத்திருக்கிறார். திருந்திவிட்டேன் என்று மொத்தமாகச் சொல்லாமல், இன்னும் மூன்று மிச்சம் இருக்கிறது என்று கல்லில் வெட்டிய அரசர்.

இனி உங்கள் கணவர் வீடு. "ஆன்மா இல்லை, அதனால் பொருட்டில்லை" என்பது கிறிஸ்தவத்தின் பேச்சு என்று அவர்கள் நினைத்தால், அது முழுமையானது அல்ல. 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ்கூட விலங்குக்கு ஆன்மாவே இல்லை என்று சொல்லவில்லை. உணரும் ஆன்மா உண்டு, அது உடலோடு அழிந்துவிடும் என்றார். விலங்கைக் கொடுமைப்படுத்துகிறவன் மனிதனிடமும் அப்படியே பழகுவான், அதனால் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. அதில் விலங்கின் வலி கணக்கிலேயே வரவில்லை. 1776இல் ஹம்ப்ரி பிரிமட் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் இதே வாதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். விலங்குக்கு மறுமை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மனிதனுக்கு இங்கே பட்ட துன்பத்துக்கு அங்கே ஆறுதல் கிடைக்கலாம். விலங்குக்கு இந்த ஒரு வாழ்க்கைதான் மொத்தமும். அப்படியானால் அதற்குச் செய்த கொடுமையை ஈடுகட்டவே வழியில்லை அல்லவா? சில வருடம் கழித்து ஜான் வெஸ்லி, விலங்குகளும் மீட்கப்படும் என்றே பிரசங்கம் செய்தார். 1824இல் லண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைக் கூட்டியவரும் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார்தான். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், தேவையில்லாமல் விலங்கைத் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கே எதிரானது என்கிறது. இரண்டு காசுக்கு ஐந்து குருவி விற்கிற சந்தையில், அவற்றில் ஒன்றையும் கடவுள் மறப்பதில்லை என்று இயேசு சொன்னதை உங்கள் கணவரே அவர் வீட்டாருக்குப் படித்துக் காட்டலாம். துன்பத்தில் கிடக்கும் விலங்குக்கு ஊசி போடுவதைக் கிறிஸ்தவத்தில் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. நான் அவர்களிடம் கேட்பது வேறு. அதைச் சும்மா ஒரு வேலையாகச் செய்து முடிக்காதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா தாகத்தைப் பற்றிச் சொன்னாரே, அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் தொகுப்புகளில் இருப்பது. நடந்து போன ஒருவனுக்குக் கடும் தாகம். ஒரு கிணற்றில் இறங்கிக் குடித்துவிட்டு மேலே வந்தால், ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டு, ஈர மண்ணை நக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு இருந்த தாகம்தானே இதற்கும் என்று நினைக்கிறான். மறுபடி கிணற்றில் இறங்குகிறான். பாத்திரம் இல்லை, தன் தோல் காலுறையில் நீரை நிரப்புகிறான். ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் அதைப் பல்லால் கவ்விக்கொண்டு மேலே வருகிறான். நாய் குடிக்கிறது. அவன் பாவம் மன்னிக்கப்பட்டது என்கிறது ஹதீஸ். நாயின் எச்சில் அசுத்தம் என்று பல சட்ட மரபுகள் சொல்கிற அதே மதத்தில் இருக்கிறது இந்தக் கதை. ஒரு பூனையை அடைத்து வைத்து, தானும் தீனி போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்குப் போனதாக இன்னொரு ஹதீஸ். 13ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் விலங்குகளுக்கு மனிதன் மேல் உள்ள உரிமைகளை ஒவ்வொன்றாக எழுதினார். கிழடாகி, நோயாகி, எந்தப் பயனும் இல்லாமல் போனாலும் அதற்குத் தீனிச் செலவு செய்யக் கடமை உண்டு என்பது அதில் ஒன்று. குணமாகாத விலங்கை வலி தீரக் கொல்லலாமா என்பதில் இஸ்லாமியச் சட்ட மரபுகளுக்குள் இரண்டு கருத்தும் உண்டு. அதை அந்த அக்கா தன் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னது மருத்துவமும்தான். வாந்தி நிற்க மருந்து கொடுத்துவிட்டு, வாயைச் சொட்டுச் சொட்டாக நனைத்துக்கொண்டே இருங்கள்.

நாயைப் பற்றி இவ்வளவு பேசும்போது ஜொராஸ்டிரியர்களை, அதாவது பார்சிகளின் மதத்தாரை, விட முடியாது. அவர்களுடைய வெந்திதாத் என்ற மறைநூலில் ஒரு அத்தியாயம் முழுக்கவே நாய்க்கானது. மந்தை காக்கும் நாய்க்குக் கெட்ட தீனி போடுவது, ஒரு பெரிய வீட்டின் தலைவருக்குக் கெட்ட உணவு பரிமாறியதற்குச் சமமான குற்றம். நோயுற்ற நாய்க்கு, நம் நம்பிக்கையைச் சேர்ந்த மனிதருக்குச் செய்வதைப் போலவே வைத்தியம் பார் என்கிறது.

இப்போது உங்கள் மகள். அவள் கேட்டதுதான் இந்தக் கடிதத்திலேயே கடினமான கேள்வி. பெரியவர்களின் பேச்சு என்று மழுப்பிவிடாதீர்கள்.

யூதர்களின் தால்முத் என்ற மத விளக்க நூலில் ஒரு கதை உண்டு. யூதா ஹநாசி என்ற பெரிய ரப்பி, அதாவது யூத மத குரு. வெட்டுவதற்காக ஓட்டிச் செல்லப்பட்ட ஒரு கன்று தப்பி ஓடிவந்து, அவர் அங்கிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அழுகிறது. அவர், "போ, இதற்காகத்தானே நீ படைக்கப்பட்டாய்" என்று சொல்லிவிடுகிறார். இவன் இரக்கப்படவில்லை, இவன் மேல் வேதனை வரட்டும் என்று மேலே தீர்ப்பாகிறது. பதின்மூன்று வருடம் அனுபவிக்கிறார். ஆறு வருடம் சிறுநீர்க் கல், ஏழு வருடம் வாய் நோய். (பிரவுனியின் நோய்க்குறிப்பைப் பார்த்ததும் எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வந்தது.) அப்புறம் ஒரு நாள் வீட்டைப் பெருக்கும் பணிப்பெண், மூலையில் கிடந்த கீரிக்குட்டி மாதிரியான சின்னஞ்சிறு குட்டிகளையும் சேர்த்துத் தள்ளப் போகிறாள். "விட்டுவிடு, அவருடைய இரக்கம் அவர் படைப்பு எல்லாவற்றின் மேலும் உண்டு என்று எழுதியிருக்கிறதே" என்கிறார் ரப்பி. வேதனை நீங்கிவிடுகிறது.

கவனியுங்கள், யூத மதம் இறைச்சிக்காக வெட்டுவதை அனுமதிக்கிறது. கன்றை வெட்டியது குற்றம் என்று அந்தக் கதை சொல்லவில்லை. அடைக்கலம் தேடி வந்ததிடம் "உன் விதி இதுதான்" என்று சொல்லிவிட்டு, மனசில் ஒன்றும் படாமல் நின்றதற்குத்தான் தண்டனை. இறைச்சியை அனுமதித்த மதங்கள் எதுவும் அதை வெறுமனே அனுமதித்துவிடவில்லை. பைபிளின் ஆதியாகமத்தில் முதலில் மனிதனுக்குக் கொடுக்கப்பட்டது தானியமும் பழமும்தான். இறைச்சிக்கு அனுமதி வெள்ளத்துக்குப் பிறகு வருகிறது, அதுவும் ரத்தம் கூடாது என்ற நிபந்தனையோடு. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே, ஓய்வுநாளில் மாட்டுக்கும் கழுதைக்கும் ஓய்வு கொடு, நீ சாப்பிடும் முன் உன் விலங்குக்குத் தீனி போடு என்றெல்லாம் யூத மரபு அடுக்கிக்கொண்டே போகிறது. கத்தியை நன்றாகத் தீட்டு, விலங்கின் கண் முன்னால் தீட்டாதே, அதை இரண்டு முறை சாகடிக்கவா பார்க்கிறாய் என்று இஸ்லாம் கேட்கிறது.

இவ்வளவு நிபந்தனையும், ஒரு மனிதன் ஒரு விலங்கை முகத்துக்கு முகம் பார்த்து வெட்டிய காலத்தில் எழுதப்பட்டவை. இன்று உலகத்தில் உணவுக்காக வருடத்துக்கு 8,000 கோடிக்கும் மேல் தரை விலங்குகள் கொல்லப்படுகின்றன. பெரும்பகுதி கோழிகள். ஆறு வாரத்தில் முழு எடைக்கு வளரும்படி இனம் பெருக்கப்பட்டவை. அந்த எடையைத் தாங்காமல் கால் மடங்கி, ஈரச் சாணத்தூளில் நெஞ்சு படிய உட்கார்ந்துவிட்ட கோழிகளை நான் கையில் தூக்கியிருக்கிறேன். நெஞ்சுத் தோல் வெந்து போயிருக்கும். வெட்டுகிற ஒரு நொடியைப் பற்றி அத்தனை விதி எழுதிய மதங்களின் பெரியவர்கள், அதற்கு முந்தைய ஆறு வாரத்தைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்பது என் ஆதங்கம். உங்கள் மகளிடம், "நீ கேட்டது சரியான கேள்வி, பிரவுனிக்கு வலிப்பதைப் போலத்தான் கோழிக்கும் வலிக்கும்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு வீட்டில் என்ன முடிவெடுப்பது என்பதை அவளையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

கடைசியாக, நீங்கள் என்ன செய்வது?

என்னைக் கேட்டால், நான் ஊசி போடுவேன். இந்த நிலையில் இருக்கும் சிறுநீரகம் திரும்பி வராது. மிச்சமிருக்கும் நாட்கள் குமட்டலும் வாய்ப்புண்ணும் வலிப்புமாகத்தான் போகும். நான் படித்துப் புரிந்துகொண்டவரை உங்களைப் பாவி என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. நான் கேட்டுப் பழகிய பெரியவர்களில் பலருக்கும் இருக்காது. ஆனால் ஊசி வேண்டாம் என்று அம்மா சொல்வதைத்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால், அதையும் முழுதாகச் செய்யுங்கள். குமட்டலுக்கும் வலிக்கும் மருந்து, தோலுக்கு அடியில் தினமும் சலைன், மெத்தை, மூன்று மணி நேரத்துக்கொரு தடவை புரட்டுவது, வாய்ப்புண்ணைக் கழுவுவது, இரவிலும் ஒருவர் பக்கத்தில் படுப்பது. அம்மாவிடம் இந்தப் பட்டியலைச் சொல்லுங்கள். அவரும் உங்களோடு முறை வைத்துப் பார்த்துக்கொள்வார் என்றால் அது ஒரு வழி. இரண்டும் இல்லாமல் நடுவில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

முடிவெடுக்கத் திணறினால், ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற மருத்துவர் வகுத்த ஏழு கேள்விகளை நாங்கள் பயன்படுத்துவோம். வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை (பத்து என்றால் மிக நல்ல நிலை, வலியிலும் அப்படித்தான்) என்று வீட்டில் எல்லோரும் தனித்தனியாக எழுதுங்கள், அம்மாவும்தான். எழுபதுக்கு 35ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். தாள்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, வாயால் பேசி வராத ஒற்றுமை பல வீடுகளில் வந்திருக்கிறது.

ஊசி என்று முடிவானால், முடிந்தால் டாக்டரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். முதலில் மயக்க மருந்து. சில நிமிடத்தில் அது ஆழ்ந்து தூங்கிவிடும். பிறகு முன்னங்கால் ரத்தக்குழாயில் இரண்டாவது மருந்து. அதுவும் மயக்க மருந்து வகைதான், அளவு மட்டும் மிக அதிகம். மூச்சு நிற்கும், அடுத்து இதயம். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்வார்கள். கண் திறந்தபடியே இருக்கும், மூடாது. நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போல உடம்பு அசையலாம். அது தசையின் அசைவு, வலி அல்ல. மகள் பக்கத்தில் இருக்க விரும்பினால் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அம்மாவும் அன்றைக்கு வந்து உட்கார விரும்பலாம். எதிர்த்தவர்கள்தான் பெரும்பாலும் கடைசியில் வந்து உட்காருவார்கள். தலைப்பக்கத்தை அவருக்கு விட்டுவிடுங்கள். எங்களுக்கு ஒரு முன்னங்கால் போதும்.